விட்டுப்போன காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது? டி.என்.ஏ-வை மாற்றி ஒட்டும் பாக்டீரியாவின் 'சட்டை' ரகசியம்!

1973-ம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யான் பள்ளத்தாக்கைப் பார்க்க வழக்கம்போல சுற்றுலாப் பயணிகள் குவிந்திருந்தார்கள். பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில், காட்டுக்கு நடுவே மரத்தால் கட்டிய பழைய கேபின்கள் உண்டு. அங்கே தங்கினார்கள், ஊர் சுற்றினார்கள், வீடு திரும்பினார்கள்.

அதன் பிறகுதான் பிரச்னை ஆரம்பித்தது. அங்கு வேலை பார்த்தவர்கள், தங்கிவிட்டுப் போனவர்கள் என ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். உடம்பு கொதிக்கும். குளிர் தூக்கிப்போடும். தலை வெடித்துவிடும்போல வலிக்கும். மூன்று நாள் போல ஆட்டிவைத்துவிட்டு, திடீரென்று ஒருநாள் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் சுத்தமாக விட்டுவிடும். 'அப்பாடா' என்று எழுந்து நடமாடத் தொடங்குவார்கள். ஒரு வாரம்போல நன்றாக இருக்கும். மறுபடியும் அதே காய்ச்சல், அதே குளிர், அதே தலைவலி!

பல மாநிலங்களில் சிதறிக்கிடந்த இந்த நோயாளிகளை எல்லாம் இணைத்துப் பார்த்தபோது மொத்தம் 62 பேர். எல்லோரையும் இணைத்த ஒரே இடம், அந்த வடக்கு விளிம்பு. கேபின்களில் கூடு கட்டியிருந்த எலி, அணில் வகைகளின் மேல் வாழும் உண்ணிகள்தான் நோயைப் பரப்பியிருந்தன. இரவில், தூங்குபவரின் மேல் ஏறி, வலிக்காமல் கடித்து, கொஞ்ச நேரத்திலேயே ரத்தம் குடித்து முடித்துவிட்டு இறங்கிப் போய்விடும் ரகம் அது. அதனால் கடிபட்ட விஷயமே பலருக்குத் தெரியாது.

நோயின் பெயர் ரிலாப்ஸிங் ஃபீவர். தமிழில் 'மீள்காய்ச்சல்' எனலாம். போரேலியா என்ற பாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளால் வருவது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. ஒருமுறை உடம்பு வென்றுவிட்ட கிருமி, ஒரே வாரத்தில் எப்படி அதே உடம்பில் மறுபடி தலைதூக்குகிறது? நம் நோய் எதிர்ப்பு சக்திக்கு அவ்வளவு மறதியா?

மறதியெல்லாம் இல்லை. உடம்பு கிருமியை நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறது. கிருமிதான் ஆளே மாறிவிடுகிறது.

பஞ்சமும் பேனும்

இந்தக் காய்ச்சலின் கதை மிகப் பழையது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்ணியால் பரவுவது. இன்னொன்று, துணிகளின் மடிப்பில் வாழும் சீலைப்பேனால் பரவுவது. குளிக்கவும் துணி மாற்றவும் வழியில்லாமல் மக்கள் நெருக்கியடித்து வாழும் இடங்களில்தான் சீலைப்பேன் பெருகும். எனவே போர், பஞ்சம், அகதி முகாம், சிறை என எங்கெல்லாம் மனிதர்கள் அவதிப்பட்டார்களோ, அங்கெல்லாம் இந்தக் காய்ச்சலும் கூடவே போயிருக்கிறது.

1868-ல், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஓட்டோ ஓபர்மையர் என்ற இளம் மருத்துவர், மீள்காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்பிரிங் போலச் சுருண்ட மெல்லிய இழைகள், நெளிந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1873-ல் அதை உலகுக்கு அறிவித்தார். மனித நோய் ஒன்றுக்குக் காரணமான பாக்டீரியாவை ரத்தத்திலேயே பார்த்த ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று. துரதிர்ஷ்டம், அதே ஆண்டில் காலராவை ஆராயப்போய் காலராவுக்கே பலியானார் ஓபர்மையர். அப்போது அவருக்கு வயது 30 மட்டுமே.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நடுங்கிச் சொல்வார்களே, அந்த 1876-78 பஞ்சத்தின்போது, பசியால் கிராமங்களை விட்டு வெளியேறியவர்கள் பம்பாய்க்கும் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நகரத்தில் மீள்காய்ச்சல் பரவியது. அங்கே மருத்துவராக இருந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். இன்றும் மருத்துவ மாணவர்கள் புரட்டும் 'கிரேஸ் அனாட்டமி' புத்தகத்தின் முதல் பதிப்புக்குப் படங்கள் வரைந்தவர் இவர்தான்.

ஓபர்மையர் பார்த்த அதே சுருள் கிருமியை, பம்பாய் நோயாளிகளின் ரத்தத்திலும் கார்ட்டர் பார்த்தார். காய்ச்சல் அடிக்கும்போது ரத்தத்தில் கிருமி தெரியும். காய்ச்சல் விட்டதும் தேடினால் கிடைக்காது. மறுபடி காய்ச்சல் வந்தால் கிருமியும் வந்துவிடும். நோயாளியின் ரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அவற்றுக்கும் நோய் வருவதைக் காட்டினார். 1882-ல் அவர் எழுதிய புத்தகம், இந்த நோயை 'பஞ்சக் காய்ச்சல்' என்றும் குறிப்பிடுகிறது.

1907-ல், மகாராஷ்டிராவின் நாசிக்கில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. மிஷன் குடியிருப்பு ஒன்றில் இருந்த சிறுவர் சிறுமியரிடையே இந்தக் காய்ச்சல் பரவியபோது, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஏன் என்று துருவிப் பார்த்த மேக்கி என்ற மருத்துவர், ஆண் பிள்ளைகளின் துணியில்தான் சீலைப்பேன் அதிகம் என்பதைக் கவனித்தார். பேனுக்கும் காய்ச்சலுக்கும் இருந்த தொடர்பு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

யார் காரணம், யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தாயிற்று. காய்ச்சல் விட்ட நாள்களில் அந்தக் கிருமி எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்பது மட்டும் புரியவே இல்லை.

போலீஸ் தேடும் சட்டை

இதைப் புரிந்துகொள்ள, நம் உடம்பு கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரு திருடனைப் போலீஸ் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சிவப்புச் சட்டை போட்ட ஆள்' என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்த அடையாளம். நம் ரத்தத்தில் சுற்றும் 'ஆன்டிபாடி' எனப்படும் எதிர்ப்பொருள்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. கிருமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. அதன் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் புரதங்களைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம்தான் கிருமியின் சட்டை.

போரேலியாவின் உடம்பு முழுக்க, ஒரே வகைப் புரதம் நெருக்கமாகப் போர்த்தியிருக்கும். கிருமி ரத்தத்தில் பெருகப் பெருகக் காய்ச்சல் ஏறும். சில நாள்களில், அந்தச் சட்டைக்கென்றே அளவெடுத்ததுபோன்ற ஆன்டிபாடிகளை உடம்பு தயாரித்துவிடும். அடுத்து நடப்பது மொத்த வேட்டை. குறுகிய நேரத்தில் கிருமிகள் கொத்துக் கொத்தாக அழிக்கப்படும். காய்ச்சல் உச்சத்துக்குப் போய், வியர்த்துக் கொட்டி, சடாரென்று இறங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால், சிவப்புச் சட்டைக்காரர்களை எல்லாம் பிடித்த போலீஸ், கூட்டத்தில் நீலச் சட்டையோடு நின்ற ஒருவனைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒருவன் பெருகத் தொடங்குகிறான். ஒரு வாரத்தில் நீலச் சட்டைப் படை தயார். மறுபடி காய்ச்சல்!

ஒரே கிருமி, 24 சட்டைகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹாமில்டன் என்ற சிற்றூரில் 'ராக்கி மவுன்டன் லேபரட்டரீஸ்' என்ற அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. உண்ணி, அவை பரப்பும் நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு உலகப் புகழ்பெற்ற இடம். அங்கே பணியாற்றிய ஹெர்பர்ட் ஸ்டோனரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனையின் முடிவு 1982-ல் வெளியானது.

சோதனை எளிமையானது. உண்ணியால் பரவும் போரேலியா ஹெர்ம்ஸி என்ற பாக்டீரியாவில், ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து ஒரு சுண்டெலிக்குள் செலுத்த வேண்டும். அது பெருகியதும், அதன் வாரிசுகள் என்னென்ன சட்டை போட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

விடை ஆச்சர்யமானது. ஒரே ஒரு பாக்டீரியாவின் வம்சத்தில் இருந்து, 24 விதமான சட்டைகள் அடையாளம் காணப்பட்டன. ஆக, வெவ்வேறு கிருமிகள் கலந்து உடம்புக்குள் வரவில்லை. வந்த ஒரே கிருமியிடமே அத்தனை சட்டைகளுக்கான சங்கதியும் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஆன்டிபாடியே இல்லாத ஆய்வுக்கூடக் குடுவைக்குள் வளர்த்தாலும், இந்தக் கிருமி அவ்வப்போது சட்டையை மாற்றுகிறது. அதாவது, 'போலீஸ் வருகிறது, மாற்றிக்கொள்வோம்' என்று யோசித்துச் செய்யவில்லை. யார் துரத்தினாலும் துரத்தாவிட்டாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரை, தானாகவே சட்டை மாறிவிடுகிறது.

கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் ஒரு கோடிக் கிருமிகள் இருந்தால், அவற்றில் குறைந்தது ஆயிரம் கிருமிகள் ஒரே தலைமுறையில் வேறு சட்டைக்கு மாறியிருக்கும். மீதி மொத்தமும் செத்தாலும் வம்சம் பிழைத்துக்கொள்ள அது போதும்.

டெய்லர் கடை நோட்டு

சரி, ஒரு பாக்டீரியா எப்படிச் சட்டையை மாற்றும்?

ஒரு டெய்லர் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரே ஓர் அளவுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ, அந்தச் சட்டையை மட்டும்தான் டெய்லர் தைப்பார். மேஜை டிராயரில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அதில் பக்கத்துக்கு ஒன்றாக வேறு வேறு சட்டைகளின் அளவுகள். ஆனால், டிராயருக்குள் இருக்கும்வரை அந்த அளவுகளுக்கு வேலையே இல்லை.

போரேலியாவின் டி.என்.ஏ-வும் இப்படித்தான். சட்டைப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணு, 'பிளாஸ்மிட்' எனப்படும் சிறிய டி.என்.ஏ துண்டு ஒன்றின் முனைக்கு அருகே இருக்கிறது. அதுதான் சுவரில் ஒட்டிய சீட்டு. 'இங்கிருந்து படி' என்ற உத்தரவு அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற சட்டைகளுக்கான மரபணுக்கள் வேறு இடங்களில் பேசாமல் கிடக்கின்றன. அவற்றின் முன்னால் அந்த உத்தரவு இல்லாததால், அவை படிக்கப்படுவதில்லை. அமைதியாகக் காத்திருக்கும் இந்த மரபணுக்கள், ஆராயப்பட்ட ஒரு ஹெர்ம்ஸி வகையில் மட்டும் 59 இருந்தன.

அவ்வப்போது, நோட்டில் உள்ள ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, சுவரில் இருக்கும் பழைய சீட்டுக்குப் பதிலாக ஒட்டப்படுகிறது. அவ்வளவுதான். அடுத்த நிமிடத்தில் இருந்து டெய்லர் புதுச் சட்டை தைக்க ஆரம்பித்துவிடுவார். நோட்டின் பக்கம் கிழிக்கப்படவில்லை என்பதால் எதுவும் தொலைவதில்லை. இன்று சுவரில் இருந்து நீக்கப்பட்ட அளவின் மூலப்பிரதியும் நோட்டில் பத்திரமாக இருக்கும்.

ரொனால்ட் பிளாஸ்டெர்க், மெல்வின் சைமன், ஆலன் பார்பர் ஆகிய மூவரும் இதை 1985-ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்.

எந்தப் பக்கம் ஜெராக்ஸ் ஆகும்? முழுக்க முழுக்கக் குருட்டுச் சீட்டு என்றும் சொல்ல முடியாது. சுவரில் ஒட்டும் இடத்தின் ஓரமும், நோட்டுப் பக்கத்தின் ஓரமும் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு பொருந்துகின்றனவோ, அந்த அளவுக்கு ஒட்டுவது சுலபம். நன்றாகப் பொருந்தும் சட்டைகள் முதலில் வரும். சரியாகப் பொருந்தாதவை பின்னால் வரும். அதனால்தான் முதல் காய்ச்சல், இரண்டாம் காய்ச்சல், மூன்றாம் காய்ச்சல் என ஒவ்வொன்றிலும் வரும் சட்டைகளில் ஓரளவு வரிசை தென்படுகிறது. இந்த வரிசையும் கிருமிக்கு நல்லதாகவே அமைந்துவிடுகிறது. எல்லாச் சட்டைகளையும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டால், உடம்பு எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஆன்டிபாடி தயாரித்துவிடுமே!

மற்ற கிருமிகளும் சளைத்தவை அல்ல

போரேலியா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். டி.என்.ஏ-வை மாற்றி அடுக்கி, வெளித்தோற்றத்தை மாற்றும் வித்தை பல பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாணி.

கெட்டுப்போன உணவு மூலம் வயிற்றைக் கலக்கும் சால்மோனெல்லா டைஃபிமியூரியம், நீந்துவதற்கு வால் போன்ற இழைகளை வைத்திருக்கிறது. அந்த இழைக்கு அதனிடம் இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போடும். இப்படி இரண்டு தோற்றம் இருப்பதை 1922-லேயே பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் ஆண்ட்ரூஸ் கவனித்துவிட்டார். காரணம் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கிட்டத்தட்ட ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ துண்டு, இருந்த இடத்திலேயே அப்படியே திரும்பிக்கொள்கிறது என்று 1970-களில் மெல்வின் சைமனின் குழு காட்டியது. ஸ்விட்ச் போல, ஒரு பக்கம் திரும்பினால் முதல் வகை. மறுபக்கம் திரும்பினால் இரண்டாம் வகை.

கொனோரியா என்ற பால்வினை நோயை உண்டாக்கும் பாக்டீரியா, உடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்ள முடி போன்ற இழைகளைப் பயன்படுத்துகிறது. அதுவும் நோட்டில் இருந்து ஜெராக்ஸ் எடுக்கும் கட்சிதான். ஆனால், முழுப்பக்கத்தை எடுக்காது. அங்கே இரண்டு வரி, இங்கே மூன்று வரி என்று எடுத்து ஒட்டும். எனவே கிடைக்கும் சட்டைகளின் எண்ணிக்கை, நோட்டுப் பக்கங்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். ஒருமுறை கொனோரியா வந்து குணமானவருக்கு மறுபடியும் மறுபடியும் அது வர முடிவதற்கும், அதற்குத் தடுப்பூசி தயாரிப்பது இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

போரேலியாவின் உறவுக்காரக் கிருமி ஒன்று, லைம் நோயை உண்டாக்குகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணியால் பரவும் நோய் இது. இதனிடமும் ஒரு சீட்டு, ஒரு நோட்டு உண்டு. அதிகம் ஆராயப்பட்ட வகையின் நோட்டில் 15 பக்கங்கள். அவற்றில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டி ஒட்டி, ஒட்டுப்போட்ட சட்டையாக மாற்றிக்கொண்டே இருக்கும். இதை 1997-ல் கண்டறிந்தார்கள்.

நம் உடம்பும் இதே வேலையைச் செய்கிறது!

இத்தனை சட்டைகளைப் போட்டு ஏமாற்றினால், பாவம் நம் உடம்பு என்ன செய்யும் என்று தோன்றலாம். சுவாரஸ்யமே இங்கேதான். கிருமியின் அதே வித்தையை நம் உடம்பும் வைத்திருக்கிறது.

ஆன்டிபாடிகளைத் தயாரிப்பவை, 'பி செல்' எனப்படும் ரத்த வெள்ளை அணுக்கள். நம்மிடம் மொத்தமே சுமார் 20,000 மரபணுக்கள்தான். ஆனால், உடம்பால் கோடிக்கணக்கான விதங்களில் ஆன்டிபாடி தயாரிக்க முடிகிறது. எப்படி? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், ஜப்பானைச் சேர்ந்த சுசுமு டோனேகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1976-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பி செல்லும் உருவாகும்போது தன் டி.என்.ஏ-வின் சில துண்டுகளை வெட்டி, வேறு விதமாகச் சேர்த்து ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார். அதனால் ஒவ்வொரு பி செல்லும் ஒவ்வொரு விதமான ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1987-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

நாளை எந்தக் கிருமி வரும் என்று நம் உடம்புக்குத் தெரியாது. அதனால் எல்லாவிதப் பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கட்டும் என்று, முன்கூட்டியே கோடிக்கணக்கான சாவிகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. எந்த ஆன்டிபாடி தன்னைத் துரத்தும் என்று கிருமிக்கும் தெரியாது. அதனால் அது சட்டைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. எதிரியைப் பற்றி எதுவும் தெரியாமலேயே இரண்டு தரப்பும் சீட்டைக் கலைத்துப் போடுகின்றன. அந்த ஆட்டம்தான் நோயாளியின் உடம்பில் காய்ச்சலாக ஏறி இறங்குகிறது.

பெரும்பாலும் கடைசியில் ஜெயிப்பது உடம்புதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சட்டைக்கான ஆன்டிபாடி கையிருப்பில் சேர்கிறது. அதனால் அடுத்தடுத்து வரும் காய்ச்சல் பொதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. ஆனால், அந்த வெற்றிவரை நோயாளி தாக்குப்பிடிக்க வேண்டுமே! சீலைப்பேனால் பரவும் வகையில், சிகிச்சையே கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 10 முதல் 40 பேர்வரை இறந்துபோகக் கூடும். சிகிச்சை கிடைத்தால் அது 2 முதல் 5 பேராகக் குறைந்துவிடும்.

மருந்துக்குச் சட்டை தெரியாது

இவ்வளவு தந்திரமான கிருமிக்கு மருந்து உண்டா? உண்டு, அதுவும் மிகச் சாதாரணமான மருந்து. டெட்ராசைக்கிளின், டாக்ஸிசைக்கிளின், பென்சிலின் போன்ற பழைய ஆன்டிபயாடிக்குகளே போதும். இந்த மருந்துகள் கிருமியின் சட்டையைப் பார்ப்பதில்லை. அது உயிர்வாழத் தேவையான உள்வேலைகளைத் தாக்குகின்றன. எந்தச் சட்டை போட்டிருந்தாலும் திருடனுக்குச் சாப்பாடு வேண்டும் அல்லவா? அந்தச் சமையலறையையே மூடுவதுபோலத்தான் இது.

ஆனால், இங்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மருந்து கொடுத்த சில மணி நேரத்துக்குள், கிருமிகள் கூட்டமாகச் சாவதால் உடம்பில் பெரிய கொந்தளிப்பு ஏற்படும். காய்ச்சல் எகிறும், குளிர் நடுக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். 'யாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர்' விளைவு என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதால், முதல் டோஸ் கொடுத்துவிட்டு நோயாளியைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

இது ஏதோ முடிந்துபோன காலத்து நோய் என்றும் ஒதுக்க முடியாது. எத்தியோப்பியாவிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் சீலைப்பேன் வகை இன்றும் இருக்கிறது. 2015-ல், கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து பாலைவனத்தையும் கடலையும் தாண்டி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த அகதிகள் சிலருக்கு இந்தக் காய்ச்சல் இருந்தது. ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட நாடுகளின் மருத்துவமனைகளில், பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நோயை மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். ஓபர்மையர் இந்தக் கிருமியைப் பார்த்த அதே நாட்டில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து!

தடுக்கும் வழிகளும் எளிமையானவைதான். பேன் வகைக்கு, மாற்றுத்துணியும் துவைக்கத் தண்ணீரும் போதும். உண்ணி வகைக்கு, தங்கும் இடத்தில் எலி, அணில் கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராண்ட் கேன்யானின் அதே வடக்கு விளிம்பில் 1990-ல் மறுபடியும் இந்தக் காய்ச்சல் தலைகாட்டியது. எலி புகாமல் கேபின்களை அடைத்து வைப்பது நன்றாகவே பலன் தருகிறது என்பதற்கு அப்போது சான்று கிடைத்தது.

மாறாத பொத்தான்

சட்டை மாற்றும் கிருமிகளை எதிர்கொள்ள, விஞ்ஞானிகள் இப்போது தலைகீழாக யோசிக்கிறார்கள். எது மாறுகிறது என்று துரத்துவதைவிட, எது மாறவே இல்லை என்று தேடுவது நல்லது அல்லவா?

லைம் நோய்க் கிருமியில் அப்படி ஒன்று சிக்கியது. அதன் சட்டை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எவ்வளவு மாறினாலும், அதில் ஒரு சிறு பகுதி மட்டும் எல்லாச் சட்டைகளிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. என்ன சட்டை தைத்தாலும் ஒரே பொத்தான் என்பதுபோல. நோயாளிகளின் உடம்பு அந்தப் பொத்தானுக்கு எதிராகவும் ஆன்டிபாடி தயாரிக்கிறது. எனவே அந்தத் துண்டைச் செயற்கையாகத் தயாரித்து, லைம் நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆயிரம் வேஷம் போட்டவனை ஒரு பொத்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

காய்ச்சல் விட்டால் நோய் போய்விட்டதா?

நம் ஊரில் வரும் காய்ச்சல்களுக்கு டெங்கு, மலேரியா, டைபாய்டு, சாதாரண வைரஸ் எனக் காரணங்கள் வேறு. விட்டு விட்டு வரும் காய்ச்சல் எல்லாமே மீள்காய்ச்சல் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும், இந்தச் சுருள் கிருமியின் கதையில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கார்ட்டர் அன்று பம்பாயில் பார்த்தது இன்றும் உண்மை. காய்ச்சல் இல்லாத நாளில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இந்தக் கிருமி கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். காய்ச்சல் அடிக்கும்போது எடுத்தால் சிக்கிவிடும். எனவே காய்ச்சல் என்று ஆரம்பித்தது, எத்தனை நாள் இருந்தது, எப்போது விட்டது, மறுபடி எப்போது வந்தது, வெளியூரில் எங்கே தங்கினீர்கள் என்ற விவரங்களை மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள். ஒரு சின்னப் பேப்பரில் தேதி போட்டுக் குறித்து வைத்தாலே போதும். நோயைக் கண்டுபிடிக்க அது பெரிய துப்பாக இருக்கும்.

அதேபோல, 'உடம்பு சரியாகிவிட்டதே' என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

காய்ச்சல் இறங்கியது என்றால், உடம்பு ஒரு சட்டையைப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதற்குள் இருந்தவன் பிடிபட்டானா என்பதை மருத்துவர் சொல்லட்டும்!